தீபாவளிக்கு ஒரே குழம்பு போதும்

தீபாவளி நெருங்கிவிட்டது. அசைவம் சாப்பிடும் வீடுகளில் அன்று காலை இட்லியும் கறிக்குழம்பும் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கம் எழுதாத சட்டம். இந்தச் சட்டத்தில் சமீப வருடங்களில் ஒரு திருத்தம் சேர்ந்திருக்கிறது. அடுப்பில் பெரிய சட்டி ஒன்று, பக்கத்தில் சின்னச் சட்டி ஒன்று. பெரியது எல்லாருக்கும். சின்னது வீட்டில் இருக்கும் "சுகர்காரருக்கு".

சின்னச் சட்டியில் தேங்காய் இருக்காது. எண்ணெய் பேருக்குத்தான். உப்பும் உறைப்பும் பாதி. மேலே தண்ணியாக நிற்கும், கீழே இரண்டு துண்டு கறி கிடக்கும். அதைக் கொண்டுவந்து வைக்கும்போது, "இது உங்களுக்காகத் தனியா வச்சது" என்று அன்போடுதான் சொல்வார்கள். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் போட்டுவிடலாம். வீட்டுக்கு ஒரே குழம்பு. சுகர் இருப்பவரும் அதையே சாப்பிடலாம். கவனிக்க வேண்டியது குழம்பை அல்ல, குழம்பை எதன் மேல் ஊற்றுகிறோம் என்பதை.

31 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். அதனால் இந்தப் பதிவில் கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பெங்களூரில் இருக்கும் மருமகள் ஒரு வீடியோ அனுப்பினாள். பண்டிகை விருந்துக்கு "லோ கார்ப் கிரேவி" செய்வது எப்படி என்று ஓர் அமெரிக்க அம்மா செய்து காட்டுகிறார். "அத்தை, மாமாவுக்குத் தீபாவளிக்கு இப்படிச் செய்யலாமா? அவங்க போடுற பவுடரை ஆன்லைன்ல வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டிருந்தாள். என் கணவருக்குச் சுகர் வந்து 14 வருஷம் ஆகிறது. மாமனார் மேல் அக்கறையோடு கேட்கிற பிள்ளைக்கு வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லக் கூடாது. ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவாக நீண்டுவிட்டது.

அந்த வீடியோ எந்த அடுப்பங்கரையிலிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை 'தேங்க்ஸ்கிவிங்' என்ற பண்டிகை. நமக்குப் பொங்கல் மாதிரி, பிள்ளைகள் எங்கிருந்தாலும் வீடு வந்து சேரும் நாள். வான்கோழியை முழுசாக அடுப்பில் வாட்டுவார்கள். தட்டில் வடியும் கொழுப்பிலும் வெண்ணெயிலும் மைதாவை வறுத்து, கறி வெந்த சாற்றை ஊற்றிக் கிளறினால் அது கெட்டியாகும். அவர்கள் கிரேவி என்று சொல்வது இதைத்தான். அதன் உடம்பே மைதாதான்.

மைதா ஏன் கெட்டியாக்குகிறது? மாவுச்சத்து என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகள். தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் 60, 70 டிகிரி வாக்கில் அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு ஊதும். ஊதிய மணிகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்க, சாறு ஓட முடியாமல் கெட்டிப்படும். கஞ்சி கெட்டியாவதும் களி கிண்டுவதும் இதே வித்தைதான்.

இந்த மைதாவுக்குப் பதிலாகத்தான் அந்த அம்மா பவுடர் போடுகிறார். சாந்தன் கம் என்று பெயர். ஒருவகை பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்க வைக்கும்போது உண்டாக்கும் பசை. அமெரிக்க விவசாயத் துறையின் பியோரியா ஆய்வகத்தில் கண்டுபிடித்தது. ஒரு கப் சாற்றுக்குக் கால் டீஸ்பூன் போட்டாலே போதும், கெட்டியாகிவிடும். ஐஸ்கிரீமிலும் பாட்டிலில் வரும் சாஸிலும் நாம் ஏற்கெனவே சாப்பிடுவதுதான். பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் சமையலுக்கு அது பொருத்தமும்கூட.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு கப் கிரேவிக்கு நாலு மேஜைக்கரண்டி மைதா, அதாவது 30 கிராம் சொச்சம். அதில் மாவுச்சத்து சுமார் 23 கிராம். எட்டுப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு 3 கிராம். இவ்வளவுதான்! அதே தட்டில் மசித்த உருளைக்கிழங்கு ஒரு குவியல், ரொட்டித் துண்டுகளால் செய்த 'ஸ்டஃபிங்', கடைசியில் பூசணிக்காய் பை. அந்தத் தட்டிலும் பெரிய குற்றவாளி கிரேவி இல்லை. மூவாயிரம் ரூபாய் களவு போன வீட்டில் மூன்று ரூபாய்க்கு விசாரணை நடத்துவது போலத்தான்.

இப்போது நம் சட்டிக்கு வருவோம். நம் கறிக்குழம்பில் மைதா எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. நம் பாட்டிமார் குழம்பைக் கெட்டியாக்கிய விதம் வேறு. வெங்காயத்தையும் தக்காளியையும் கரைகிற வரை வதக்குவது ஒன்று. தேங்காயும் கசகசாவும் சோம்பும் மை போல அரைத்து ஊற்றுவது இரண்டு. சிறு தீயில் வைத்து எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை சுண்ட விடுவது மூன்று. எலும்புக்கறியாக இருந்தால் எலும்பிலிருந்து இறங்கும் பசையும் சேரும். இதில் மாவு ஊதுவதற்கு வேலையே இல்லை. நுணுக்கமாக அரைபட்ட தேங்காயும் அதன் கொழுப்புமே சாற்றைத் தாங்கிப் பிடிக்கின்றன. அந்த வீடியோ தேடும் லோ கார்ப் கிரேவி நம் வீட்டு அம்மியில் எப்போதோ அரைபட்டுவிட்டது.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். எட்டுப் பேருக்கு எலும்போடு ஒரு கிலோ ஆட்டுக்கறி. கறியில் மாவுச்சத்து கிடையாது. சின்ன வெங்காயம் கால் கிலோ, தக்காளி பெரிதாக மூன்று, இஞ்சி பூண்டு விழுது, மூன்று மேஜைக்கரண்டி மல்லித்தூள், காரத்துக்கு மிளகாய்த்தூள், மஞ்சள். தாளிக்க நல்லெண்ணெய் மூன்று மேஜைக்கரண்டி, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை. அரைக்க அரை மூடித் தேங்காய், இரண்டு டீஸ்பூன் கசகசா, ஒரு டீஸ்பூன் சோம்பு, கொஞ்சம் மிளகு. கறியை முதலில் குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையே குழம்புக்கு ஊற்றுவேன். அரைப்பைக் கடைசியில்தான் சேர்ப்பேன். பத்து நிமிஷம் தளதளவென்று கொதித்து, அதன்பின் சிறு தீயில் இருபது நிமிஷம்.

இந்தச் சட்டி முழுவதிலும் மாவுச்சத்து ஏறக்குறைய 70, 80 கிராம் வரும். அதில் பெரும் பங்கு வெங்காயம். தேங்காயில் இருப்பதில் பாதிக்கு மேல் நார்ச்சத்துதான், அது சர்க்கரையாக மாறாது. எட்டாக வகுத்தால் ஆளுக்கு 9, 10 கிராம். ஒரே ஓர் இட்லியில் இருக்கும் அளவு! இதற்கா தனிச் சட்டி?

குழம்பு நல்லது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. திருட்டுத்தனமாக மாவு நுழையும் வழிகள் நாலைந்து உண்டு. கறி குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருந்தால் உருளைக்கிழங்கு வெட்டிப் போடுவோம். நூறு கிராம் கிழங்கில் 17 கிராம் மாவுச்சத்து. தேங்காய் விலையைப் பார்த்துவிட்டுப் பொட்டுக்கடலை அரைத்து ஊற்றுவோம். ஒரு கைப்பிடியில் 15 கிராமுக்கு மேல் ஏறிவிடும். குழம்பு நீர்த்துப் போனால் அவசரத்துக்குச் சோளமாவோ அரிசிமாவோ கரைத்து விடுவோம். ஹோட்டல் கிரேவி கண்ணாடி போலப் பளபளக்கிறது என்றால் சோளமாவுக்கும் அதில் பங்கு இருக்கலாம். முந்திரி அரைத்துவிடும் பழக்கமும் இருக்கிறது. பத்துப் பருப்பு பரவாயில்லை, கால் கிலோ என்றால் அது பாயசத்துக்கு அண்ணன்.

இவற்றைத் தவிர்த்தால் சுகர் இருப்பவருக்கு மட்டுமல்ல, மொத்த வீட்டுக்கும் குழம்பு ருசி கூடும். நீர்த்துப் போனால் மாவைத் தேடாதீர்கள். இன்னும் பத்து நிமிஷம் மூடாமல் கொதிக்க விடுங்கள். கெட்டியான குழம்பு வேண்டும் என்றால் பொறுமைதான் சாந்தன் கம்.

சைவ வீட்டாரும் கவலைப்பட வேண்டாம். எங்கள் ஊர்ச் சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் கொஞ்சம் பாசிப்பருப்பும் காய்கறியும்தான். உருளைக்கிழங்கை விட்டுவிட்டு முருங்கைக்காய், பீன்ஸ், கேரட் மட்டும் போட்டால் அதுவும் எல்லாருக்கும் பொதுவான குழம்பு.

சரி, குழம்பு குற்றவாளி இல்லை என்றால் யார்? இலையைப் பாருங்கள். காலையில் ஐந்து இட்லி என்றால் 50 கிராம். மத்தியானம் இரண்டு கப் சோறு என்றால் 90 கிராம். நடுவில் அதிரசம், முறுக்கு, பக்கத்து வீட்டிலிருந்து வந்த லட்டு. குழம்பின் பத்துக் கிராமைக் குறைக்கத் தேங்காயைப் பறிமுதல் செய்துவிட்டு, "நீங்க குழம்புதான் சாப்பிடலையே, இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்கோங்க" என்று சொல்லும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இது ஏதோ நாலு வீட்டுப் பிரச்சினை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ போட்டால் மட்டும் பெரிய லாபம் இல்லை, மொத்த அளவைக் குறைத்துப் பருப்பு, பால், முட்டை போன்ற புரதம் சேர்த்தால்தான் பலன் என்கிறார்கள். "சுகருக்குச் சப்பாத்தி" என்று இரவு ஆறு சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

கணக்கு இத்தோடு போதும். தனிச் சட்டியை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு.

என் மூத்த அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயதில் சுகர் வந்தது. மைனி தங்கமான மனுஷி. மருத்துவர் சொன்னதற்கு மேல் ஒரு பங்கு கூட்டியே பத்தியம் பார்த்தார். தீபாவளி அன்று நாங்கள் பதினைந்து பேர் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அண்ணனுக்கு மட்டும் எவர்சில்வர் தட்டில் கோதுமை ரவை உப்புமாவும், தேங்காய் போடாத ரசம் மாதிரியான குழம்பும் வரும். நாங்களும் அவரைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டோம். அவர் முதலில் எங்களோடு உட்கார்ந்தார். பிறகு, "நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல" என்று திண்ணைக்குப் போக ஆரம்பித்தார். கடைசி வருஷங்களில் எங்களுக்கு முன்னாலேயே தனியாகச் சாப்பிட்டு முடித்துவிடுவார்.

இவ்வளவு பத்தியத்துக்கும் அவர் சுகர் குறையவே இல்லை. ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார். சாயந்திரம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று போய், கடைவீதியில் நூறு கிராம் அல்வா வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வருவாராம். "ஏன் அண்ணே இப்படிப் பண்ணுதீக?" என்று கேட்டேன். "வீட்டுல எனக்குன்னு தனித் தட்டு. அல்வாக் கடையில எல்லாருக்கும் ஒரே தராசுதானே, தாயி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

மைனி மேல் தப்பே கிடையாது. அந்தக் காலத்தில் எல்லாரும் சொன்னது அதுதான். ஆனால் பந்தியிலிருந்து ஒருவரை எழுப்பிவிட்டால் அவர் பசி போய்விடாது, வேறு வழியாக வெளியே வரும். அல்வாவாக வரும், இரவு பதினோரு மணிக்கு ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தமாக வரும். பத்தியத்தைக் காப்பாற்றுவது கட்டுப்பாடு மட்டுமல்ல, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்ட திருப்தியும்தான்.

"வருஷத்தில் ஒரு நாள்தானே, எல்லாத்தையும் இஷ்டத்துக்குச் சாப்பிடட்டுமே" என்று எதிர்ப்பக்கமும் உண்டு. அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தீபாவளி ஒரு நாள், பொங்கல் மூன்று நாள், ஆடிப்பெருக்கு, கோயில் கொடை, இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, பேரனின் பிறந்தநாள். எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் "ஒரு நாள்" மாதம் இரண்டு தடவை வருகிறது. அதனால் அன்றைக்கும் தாங்கக்கூடிய ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் யாருக்கும் வலிக்காது.

எங்கள் வீட்டில் நாலு வருஷமாகச் செய்வது இது. இட்லியைச் சின்னத் தட்டில் ஊற்றுகிறேன், எல்லாருக்கும். முதலில் இலையில் வைப்பது கறியும் முட்டையும், அவரைக்காய்ப் பொரியலும். அதைப் பாதி சாப்பிட்ட பிறகே இட்லி வரும். காயும் கறியும் முன்னால் போய் மாவு பின்னால் போனால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. என் கணவர் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறார், குழம்பை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறார். மத்தியானம் சோறு ஒரு கப், ஆட்டுக்கறி வறுவல், கீரை, மோர். இனிப்பு வேண்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு துண்டு, பேத்தியோடு பங்கு போட்டு. போன தீபாவளிக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது 168. சாதாரணமாக 180-க்குள் இருந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இது எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும்தான். உங்கள் வீட்டில் குத்திப் பார்த்தால்தான் உங்கள் கணக்கு தெரியும்.

மூன்று எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒன்று, இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இட்லியையும் சோற்றையும் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பண்டிகை நாளில் எண்ணெய்க் குளியல், பூஜை என்று சாப்பாடு தள்ளிப் போகும்போது ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குக் கறியின் அளவும் உப்பின் அளவும் வேறு கணக்கு. மூன்று, தேங்காயிலும் ஆட்டுக்கறியிலும் இருக்கும் கொழுப்பு இதயத்துக்கு நல்ல பிள்ளை அல்ல. அரை மூடி எட்டுப் பேருக்கு என்பது வேறு, ஒருவரே அரை மூடி சாப்பிடுவது வேறு. மாவுச்சத்து குறைவு என்பதற்கு அளவே இல்லை என்று பொருள் கிடையாது.

மருமகளுக்கு நான் கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: "பவுடர் வேண்டாம்மா. வரும்போது நல்ல கசகசா கால் கிலோ வாங்கிட்டு வா, இங்கே விலை ஏறிப் போச்சு."

இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் சுகர் உள்ளவர் யாராக இருந்தாலும், அப்பாவோ அத்தையோ நீங்களேயோ, அதே பந்தியில் அதே இலை போடுங்கள். அதே சட்டியிலிருந்து, அதே கரண்டியால் குழம்பு ஊற்றுங்கள். "இது உங்களுக்கு ஆகாது" என்று ஊர் கேட்கச் சொல்லாதீர்கள். இட்லியை எண்ணுங்கள், மனுஷரை எண்ணிக்கையிலிருந்து கழிக்காதீர்கள்.

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வெந்நீர் அண்டாவுக்கு அடுத்த அடுப்பில் ஒரே ஒரு சட்டி வையுங்கள்.